கைக்குழந்தையோடு மலாவிக்கு ஊழியத்துக்குப் போவது பற்றிக் கேட்ட சகோதரிக்கு

குழந்தைக்கு இரண்டு மாதம். மலாவிக்கு மிஷனெரியாகப் போக உங்கள் கணவருக்கு உத்தரவு வந்துவிட்டது. மூன்று பேரும் இப்போதே போவதா, குழந்தைக்கு ஒரு வயது ஆனபின் போவதா, கணவர் முன்னால் போய் வீடு பார்த்துவிட்டு அழைத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா தினமும் அழுவதாகவும், அனுப்புகிற சங்கத்து ஐயா ஒருவர் “விசுவாசம் இருந்தால் பயம் எதற்கு?” என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பார்த்தால் இது தேதியைப் பற்றிய கேள்வி. எனக்கென்னவோ, பிள்ளைக்காகப் பயப்படுகிற நான் இந்த அழைப்புக்குத் தகுதியானவள்தானா என்றுதான் நீங்கள் கேட்பதாகப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தகுதியானவள்தான். பயப்படுகிற தாய்தான் சாயங்காலம் ஆறு மணிக்கே கொசுவலையை இழுத்துச் செருகுவாள். பயமே இல்லை என்று சொன்ன இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டும் ஒரு வருடத்துக்குள் ஊர் திரும்பின.

நான் நர்ஸ், டாக்டர் இல்லை. பேறுகால வார்டில் ஆறு வருடம் வேலை பார்த்தபின், 2003 ஆகஸ்டில் நாலு மாதக் குழந்தையோடு கணவருடன் மலாவி போனேன். சலிமா மாவட்டத்தில், ஏரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அவருக்கு வேதாகமப் பள்ளியில் வேலை. 2016 வரை அங்கே இருந்தோம். இரண்டாவது பிள்ளை அங்கேதான் பிறந்தான். ஆகையால் நான் சொல்வது ஏரிக்கரை வெக்கையில் வாழ்ந்த ஒருத்தியின் அனுபவம். வடக்கே மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. மருந்து விஷயத்தில் என் காலத்து வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளவே வேண்டாம். மலேரியாவுக்கு நான் பார்த்துப் பழகிய மருந்தையே 2007 இறுதியில் அந்த நாட்டு அரசு மாற்றிவிட்டது.

மலேரியாவிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் அம்மா அழுவது அதற்காகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்து மிஷனெரிகள் 1875-இல் மலாவி ஏரியின் தென்முனையில் கேப் மக்ளியரில் குடியேறினார்கள். காய்ச்சலில் ஒவ்வொருவராகச் சாக, 1881-இல் பண்டாவேக்கு இடம் மாறினார்கள். அங்கேயும் கல்லறைகள் பெருகின. 1894-இல் மேட்டு நிலத்துக்கு ஏறினார்கள். அந்த இடம்தான் இன்றைய லிவிங்ஸ்டோனியா. அத்தனை பேரைக் கொன்றது எது என்று அவர்களுக்குத் தெரியாது. மலேரியா கிருமி கொசுவின் உடம்பில் வளர்வதை ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். ஏரிக்கரையில் அந்தக் கல்லறைகள் முன்னால் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர்களுக்கு விசுவாசம் குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கொசுதான் காரணம் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த ஐயாவிடம் இதைச் சொல்லுங்கள், மரியாதையாகவே.

மலேரியாவில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. நீங்கள் தடுப்பு மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் பாதுகாப்பு போய்ச்சேரும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. பாலில் இறங்கும் மருந்து அதற்குப் போதாது. குழந்தைக்குத் தனியாக, எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும். அந்த மருந்துகளில் சிலவற்றை 5 கிலோ எடை வந்தபின்தான் பொதுவாகக் கொடுப்பார்கள். அட்டோவக்வோன்-புரோகுவானில் என்ற மாத்திரையை, 5 கிலோ எட்டாத குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் வழக்கமாக எழுதுவதில்லை. ஆகவே பயணத் தேதியைத் தீர்மானிக்க காலண்டரைவிட எடை பார்க்கும் தராசு நல்ல வழிகாட்டி. இன்னொன்று, நம் ஊரில் மலேரியா என்றால் பலருக்குக் குளிரும் நடுக்கமுமாக வந்து போகிற காய்ச்சல் என்ற நினைப்புதான். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியா. ஒரே நாளில் பிள்ளையைச் சாய்த்துவிடும். அங்கே பிறந்து வளர்ந்து பல தடவை காய்ச்சல் கண்ட பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு சக்தி இருக்கும். உங்களுக்கும் குழந்தைக்கும் அது சுத்தமாகக் கிடையாது. “பக்கத்து வீட்டுக்காரர்கள் வலை கட்டுவதில்லையே” என்று ஒருநாளும் நினைக்காதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் அங்கே போன அதே 2003 டிசம்பரில், மழை தொடங்கியிருந்தது. மகளுக்கு எட்டு மாதம். மத்தியானம் பால் குடிக்க மறுத்தாள், மூன்று மணிக்கு உடம்பு கொதித்தது. எங்களுக்கென்று இருந்த ஒரே வண்டியை எடுத்துக்கொண்டு இவர் வேறு ஊர் சபைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தார். செல்போன் சிக்னல் கிடையாது. பக்கத்து வீட்டு ‘அகோகோ’, பாட்டி என்று அர்த்தம், பிள்ளையைத் தன் முதுகில் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஊரில் ஆள் ஏற்றிப்போகும் சைக்கிள் இரண்டைப் பிடித்து என்னையும் ஏற்றிவிட்டார். சேற்றில் ஒன்றரை மணி நேரம். விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்தார்கள், குவினைன் ஏற்றினார்கள், மூன்றாம் நாள் கண் திறந்து பார்த்துச் சிரித்தாள். இன்று கல்லூரி முடித்துவிட்டாள். நான் நர்ஸ். தடுப்பு மருந்து கொடுத்தேன், வலை கட்டினேன். அப்படியும் வந்தது. அன்றைக்கு என் குழந்தையைக் காப்பாற்றியது என் படிப்பு இல்லை, பக்கத்து வீடு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை வண்டியும் அவரும் சேர்ந்து ராத்தங்கக் கூடாது. இரண்டில் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இது மலாவிக்கு மட்டுமல்ல, மதுரைக்கும் பொருந்தும்.

நாங்கள் திரும்பிய பிறகு ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2019 ஏப்ரலில், குழந்தைகளுக்கான மலேரியா தடுப்பூசி முன்னோடித் திட்டமாக முதலில் தொடங்கியது மலாவியில்தான். ஐந்து மாதத்திலிருந்து போடுவார்கள். நோயை முழுக்கத் தடுக்காது, கடுமையாவதைக் குறைக்கும். உங்கள் மாவட்டத்தில் கிடைக்கிறதா என்று போகுமுன் விசாரியுங்கள்.

மற்ற தடுப்பூசிகளில் பெரிய சிக்கல் இல்லை. 6, 10, 14 வாரங்களில் போடுவது இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். அட்டையைப் பத்திரமாக எடுத்துப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 14 வார ஊசியை இங்கேயே முடித்துவிட்டுப் போவது நல்லது என்பது என் கருத்து. மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி மட்டும் கவனம் வேண்டும். அந்த நோய் மலாவியில் பிரச்சினை இல்லை. ஆனால் விமானம் எத்தியோப்பியாவோ கென்யாவோ வழியாகத்தான் பெரும்பாலும் போகும், அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், விமான நிலையத்தை விட்டு வெளியே வருகிறீர்களா என்பதைப் பொறுத்துச் சான்றிதழ் கேட்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த ஊசி போடவே கூடாது, வழக்கமாக ஒன்பது மாதத்தில்தான் போடுவார்கள். பலருக்குத் தெரியாதது, பால் கொடுக்கும் தாய்க்குப் போட்டபின் அந்த ஊசியின் வைரஸ் பால் வழியாகச் சின்னக் குழந்தைக்குத் தொற்றிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆகவே உங்கள் கையை நீட்டுமுன், “பால் கொடுக்கிறேன், குழந்தைக்கு இத்தனை மாதம்” என்று ஊசி போடும் இடத்தில் சத்தமாகச் சொல்லுங்கள். தேவையில்லாத வழியாக டிக்கெட் எடுத்து, தேவையில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள், நம் பக்கத்தில் பெயரில்லாத சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் அலைகிறவர்கள் அதிகம். இது இந்தப் பிள்ளைக்கு. அங்கே இன்னொன்று பிறந்தால் இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவறவிட்டால் குடியுரிமைக்கே டில்லிவரை மனுப்போட வேண்டியிருக்கும். எங்கள் மகனுக்குப் பதினோராம் மாதத்தில்தான் போனோம், வியர்த்துக்கொண்டே.

வீட்டுக்குள் ஒரே ஒரு விஷயத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே ‘புட்ஸி’ என்று ஒரு ஈ. வெளியே காயப்போட்ட ஈரத் துணியில் முட்டையிடும். அந்தத் துணியைக் குழந்தைக்குக் கட்டினால் புழு தோலுக்குள் இறங்கிக் கொப்புளமாகக் கிளம்பும். உயிருக்கு ஆபத்தில்லை, பார்க்கத்தான் பதறும். நம் வெள்ளைத் துணி நாப்கின்களை இஸ்திரி போடாமல் கட்டவே கூடாது, மடிப்பு ஓரம் வரை சூடு படவேண்டும். கரண்டு இல்லாத நாட்களுக்குக் கரி போடும் இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அங்கேயே சந்தையில் கிடைக்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். அங்கத்துப் பாட்டிகள் மூன்றாம் மாதமே மக்காச்சோளக் கஞ்சி ஊட்டச் சொல்வார்கள், இங்கத்துப் பாட்டிகள் போனிலேயே வசம்பும் தேனும் சொல்வார்கள், இரண்டு பேருக்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். ஒரு வயதுவரை தேன் நாக்கில் படவே கூடாது. ஆறு மாதத்துக்குப் பிறகு ‘லிக்குனி பாலா’ என்று மக்காச்சோளமும் சோயாவும் சேர்த்து அரைத்த மாவுக் கஞ்சி கிடைக்கும். நம் சத்துமாவுக்கு அக்கா தங்கை. பெட்டியில் இருபது கிலோ செர்லாக் திணித்துக்கொண்டு போக வேண்டாம்.

இத்தனையும் சொன்னேனே தவிர, என் அனுபவத்தில் கைக்குழந்தையோடு போன குடும்பங்கள் முறிந்தது நோயினால் இல்லை. தாய் தனியாகிப் போனதால். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைச் சுற்றி ஒரு படையே நிற்கும். குளிப்பாட்ட ஒருத்தி, பிரசவக் காயமருந்து கிண்டிக் கொடுக்க ஒருத்தி, “நீ தூங்கு, நான் பார்த்துக்கிடுதேன்” என்று பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒருத்தி. அங்கே போன மறுநாளே அது மொத்தமாக நின்றுவிடும். கணவருக்கு வேலை, பாஷைப் பயிற்சி, மனிதர்கள் எல்லாம் உண்டு. உங்களுக்கு நாலு சுவரும் அழுகிற பிள்ளையும். எங்கள் சங்கத்து மாத அறிக்கைப் படிவத்தில் அவருடைய வேலைக்குப் பதினெட்டுக் கட்டங்கள் இருந்தன, எனக்கு ‘குடும்ப நலம்’ என்று ஒரே ஒரு வரி. ஒவ்வொரு மாதமும் ‘நலம்’ என்று எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன்.

இங்கே மருத்துவ ரீதியாக ஒன்று முக்கியம். பிரசவம் ஆன முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, பிள்ளையைப் பார்த்தாலே வெறுமை என்று நீண்டால் அது நோய், மருந்து உண்டு. முதல் வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைதூக்கலாம். ஜெபக்குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இதில் மலேரியாவும் வந்து கோத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை சாப்பிடும் மெஃப்ளோக்வின் மாத்திரை மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் முன்பு இருந்தவர்களுக்கும் ஆகாது, கெட்ட கனவு, பதற்றம் எல்லாம் கொண்டுவரும். எனக்கு அதைத்தான் எழுதியிருந்தார்கள். இரவெல்லாம் பிள்ளை கிணற்றில் விழுவது போலக் கனவு. ஐந்தாம் மாதம் தலைநகர் லிலோங்வேயில் ஒரு டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தே மாத்திரையை மாற்றினார். என் அழுகையில் மாத்திரை எவ்வளவு, தனிமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் முடியாது. மாற்றியபின் கனவு நின்றது, அழுகை பாதிதான் குறைந்தது.

இது புதுக் கதையும் இல்லை. ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டன் என்ற பெயரை ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். அவர் மனைவி மேரியைப் பற்றி யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவரே மிஷனெரி மகள், ஆப்பிரிக்காவில் பிறந்தவர். 1850-இல் கர்ப்பத்தோடும் மூன்று பிள்ளைகளோடும் மாட்டுவண்டியில் பாலைநிலம் தாண்டிப் போய்த் திரும்பினார். திரும்பியதும் பிறந்த பெண் குழந்தை எலிசபெத் ஆறு வாரம்தான் இருந்தது. அடுத்த வருடம் மறுபடியும் கர்ப்பம், மறுபடியும் பயணம் என்று கேள்விப்பட்டு, மேரியின் தாயார் மருமகனுக்கு எழுதிய கடிதம் மிகக் கடுமையானது. ஒரு செல்லத்தைப் பறிகொடுத்தது போதாதா என்று கேட்டார். அந்த அம்மாளும் முப்பது வருடம் ஊழியத்தில் இருந்தவர்தான். உங்கள் அம்மா அழும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். லிவிங்ஸ்டன் கேட்கவில்லை. 1851 செப்டம்பரில் ஆற்றங்கரையில் ஆண் குழந்தை பிறந்தது. 1852-இல் மனைவி மக்களைக் கப்பலேற்றி பிரிட்டனுக்கு அனுப்பினார், திரும்பப் பார்த்தது 1856 டிசம்பரில். அந்த நாலரை வருடம் மேரி நாலு பிள்ளைகளோடு கையில் காசில்லாமல் வீடு மாறி வீடு மாறி அலைந்தார். உங்கள் மூன்றாவது யோசனையை, அதாவது கணவர் முன்னால் போவதை, நான் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறேன் என்று இப்போது புரியும். இன்று போன் இருக்கிறது, நாலு வருடம் ஆகாது. ஆனால் ‘இரண்டு மாதம்’ என்று போனது விசா, வாடகை, வண்டி என்று எட்டு மாதமானதைப் பார்த்திருக்கிறேன்.

மேரியை அந்த ஊர் மக்கள் ‘மா-ராபர்ட்’ என்று கூப்பிட்டார்கள், ராபர்ட்டின் அம்மா. மலாவியிலும் அதே வழக்கம்தான். ‘அமாக்கே’ என்று சொல்லிப் பிள்ளையின் பெயரைச் சேர்ப்பார்கள். என் கணவர் அங்கே இரண்டு வருடம் வரைக்கும் வெளிநாட்டுக்காரர்தான். நான் மூன்றாவது வாரத்திலேயே ஒரு பிள்ளையின் தாயாகிவிட்டேன். மாதாமாதம் ‘சிகேலோ’வுக்குப் போகவேண்டும். தராசு என்பதன் ஆங்கிலச் சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது. மரக்கிளையில் தராசு தொங்கும், பிள்ளையைக் கால்சட்டை போன்ற பையில் போட்டு மாட்டி எடை பார்ப்பார்கள், ஐம்பது தாய்மார் பாடிக்கொண்டு காத்திருப்பார்கள். என் சிச்சேவா மொழி முழுக்க அந்த வரிசையில் கற்றது. நான் பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பதைப் பார்த்து, கை எதற்கு வேலை செய்யவா பிள்ளை தூக்கவா என்று கேட்டுச் சிரித்து, ‘சித்தேன்ஜே’ துணியால் முதுகில் கட்டிவிட்டார்கள். பிள்ளையால் கதவு திறக்கும் என்பது உண்மை. அதற்காகப் பிள்ளையை அறிக்கைக்குப் படமாக்காதீர்கள். உங்கள் பிள்ளையையும் சரி, அந்த வரிசையில் நிற்கும் பிள்ளைகளையும் சரி. ஜெபக் கடிதத்தில் போட எங்களிடம் படம் கேட்டபோது முதலில் அனுப்பினோம், பிறகு அந்தப் படம் எங்கெங்கோ சுற்றுவதைப் பார்த்து நிறுத்தினோம். காணிக்கை குறைந்ததா என்றால், கொஞ்சம் குறைந்தது.

சரி, எப்போது போவது? இதில் ஒரே சரியான விடை இருப்பதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பால்தான் உணவு, பிள்ளை தவழாது, ஒரு வகையில் எளிது. ஆனால் காய்ச்சல் வந்தால் தாங்கும் வலு குறைவு. ஒரு வயதில் மருந்துகளும் ஊசிகளும் அதிகம் கைகொடுக்கும், ஆனால் மண்ணையும் தண்ணீரையும் வாயில் வைக்கும் வயது அது, வயிற்றுப்போக்கு ஓயாது. நானாக இருந்தால் ஆறேழு மாதம் வரைக்கும் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, மூன்று பேரும் சேர்ந்து மே, ஜூன் மாதத்தில் போய் இறங்குவேன். அங்கே அப்போது மழை முடிந்து குளிர்காலம், கொசு குறைவு, ஊரைப் பழக நாலைந்து மாதம் கிடைக்கும். நவம்பரில் போய் இறங்கினால் பெட்டி பிரிக்குமுன் மழைக்காலம் வந்துவிடும். அவசரப்படுத்துகிறவர்களுக்கு ஆதியாகமம் 33-ஐக் காட்டுங்கள். ஏசா கூடவே வா என்று வற்புறுத்தியபோது யாக்கோபு, நீர் முன்னே போம், பிள்ளைகளும் கறவை மாடுகளும் என்னிடம் இருக்கின்றன, அவர்கள் நடைக்குத் தக்கதாகத்தான் வருவேன் என்று நின்றுவிட்டான்.

போகுமுன் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், கணவர் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரில். குடியிருக்கப்போகும் வீட்டிலிருந்து ரத்தம் பரிசோதிக்கும் ஆஸ்பத்திரி மழைக்காலத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். வண்டி வெளியே போயிருக்கும் நாளில் யாரைக் கூப்பிடுவது, அவர் பெயரும் எண்ணும் என்ன? முதல் ஆறு மாதம் கணவர் ராத்தங்கும் பயணம் இல்லாமல் இருக்க ஒப்புக்கொள்வார்களா? உங்கள் அம்மாவோ மாமியாரோ மூன்று மாதம் வந்து தங்க டிக்கெட்டில் பாதியாவது தருவார்களா? என் அம்மா இரண்டாவது பிரசவத்துக்கு வந்தார்கள். பாஷை ஒரு வார்த்தை தெரியாமல் அந்த அகோகோவோடு திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள், யார் என்ன புரிந்துகொண்டார்களோ. பதில் வாயால் வந்தால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். எந்த மாவட்டம் என்பதையும், குழந்தையின் இப்போதைய எடையையும் இங்கே கீழே எழுதினால், அந்தப் பக்கம் இருக்கும் தாய்மார் யாரையாவது உங்களுக்குப் பழக்கம் செய்துவைக்கப் பார்க்கிறேன்.